பாகு சரியில்லை

என் மாமா கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போட்டு விற்றவர். ஆனால் அவர் ஒரு துண்டு மிட்டாய் தின்று நான் பார்த்ததில்லை. காலையிலிருந்து பாகுச் சட்டியின் முன் நிற்கிறவருக்கு இனிப்பு என்றாலே குமட்டும். சாயங்காலம் ஊறுகாயை நக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படும்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் அங்கேதான் கிடப்பேன். குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால் ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு.

அன்று மத்தியானம், முந்தின நாள் தன் காட்டில் விளைந்த கடலையைப் போட்டுவிட்டுப் போன சம்சாரி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் கொண்டாந்த சாக்குல ஒண்ணு, பருத்திக்குப் போடுத பூச்சிமருந்து வச்சிருந்த சாக்காம். வீட்ல இப்பத்தான் சொல்லுதா."

மாமா வெறும் சாக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஒன்றில் மருந்து நெடி அடித்தது. கடை முழுக்க மணக்கும் வெல்ல வாசத்தில் அது யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. எல்லாக் கடலையையும் ஒன்றாகக் கொட்டி வறுத்து மிட்டாயும் போட்டாயிற்று. எந்தத் தட்டு நல்லது, எந்தத் தட்டு கெட்டது என்று பிரிக்க வழியில்லை. பாதிக்கு மேல் விற்றும் போயிருந்தது.

"அம்புட்டையும் திருப்பி வாங்கணும். ஏலே மருமவனே, போர்டுல எழுது."

"என்னன்னு எழுதச் சொல்லப் போறீய?" என்றாள் அத்தை. "வெசம்னு எழுதுனா நாளைக்கு எவன் நம்ம வாசல்ல ஏறுவான்? பாகு சரியில்லைன்னு எழுதச் சொல்லுங்க. மிட்டாய் திரும்பி வந்தாப் போதும்லா."

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். 'இன்று போட்ட மிட்டாயில் பாகு சரியில்லை. திருப்பிப் பெற்றுக்கொள்ளப்படும்' என்று எழுதினேன். 'பெற்றுக்கொள்ளப்படும்' என்பதை நானே சேர்த்தேன். மாமா சைக்கிளில் போய்ப் பெட்டிக்கடைகளிலும் அதையே சொல்லிவிட்டு வந்தார். கழுகுமலைக்குப் போன மிட்டாய்க்காக அந்த பஸ் கண்டக்டரிடமும் சொல்லி அனுப்பினார்.

ஒரு துண்டுகூடத் திரும்பி வரவில்லை. மழை பொய்த்தால் நஷ்டம் என்னவென்று தெரிந்த சனம், மாமாவுக்காக இரக்கப்பட்டது. "பாகு முத்திப்போச்சுன்னா என்ன அண்ணாச்சி, எங்களுக்குப் பல்லு இல்லையா?" என்றார் எதிர்த்த டீக்கடைக்காரர். பூ விற்கிற அம்மா ஒருத்தி இன்னொரு பொட்டலம் வாங்கவே வந்துவிட்டாள்.

"வீணாப் போறதை எம் பிள்ளைகளாவது திங்கட்டும். ரெண்டும் காலைல வாங்குனதைத் தின்னுட்டுத்தான் விளையாடுதுக."

மாமா என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, போர்டை அவரே அழித்தார்.

"மருந்து பட்டிருக்குன்னு எழுதுலே. திங்க வேண்டாம்னு எழுது. தின்ன பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. மிச்சத்தைக் குப்பைல போடாம இங்கன கொண்டாரட்டும், ஆடு தின்னுரும்." பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "தாயி, பிள்ளைகளைத் தூக்கு. நானும் வாரேன். போற வழில பெட்டிக்கடையிலயும் கண்டக்டர்ட்டயும் நெசத்தைச் சொல்லிருதேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் மிட்டாய் வந்து குவிந்தது. கடித்தது, சப்பினது, வேறு கடையில் வாங்கினது எல்லாம் வந்தது. கூடவே வசவும் வந்தது. இரக்கப்பட்ட அதே டீக்கடைக்காரர், "பிள்ளைகளைக் கொல்லப் பாத்தீரே" என்றார். மாமா மண்வெட்டியை எடுத்தார். கொல்லைக் கரிசலில் குழி வெட்டி, எல்லாவற்றையும் நொறுக்கிப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார். அவ்வளவு மிட்டாயும் மண்ணுக்குள் போவதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

பூக்காரம்மாவின் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் வாந்தி எடுத்துத் தேறி, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கடை திறந்தும் வாங்க ஆளில்லை.

அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. தினமும் முதல் தட்டை வெட்டியதும், தெருவைப் பார்க்க ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு துண்டு தின்பார். தின்றுவிட்டு வெகுநேரம் அப்படியே இருப்பார். தெருவில் போகிறவர்கள் நடையைத் தளர்த்தி அவரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதன் பிறகே வியாபாரம். ஒருநாள் பூக்காரம்மா வந்து, அவர் எழுந்திருக்கும்வரை நின்று ஒரு பொட்டலம் வாங்கிப் போனாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமாவுக்கு ஒருவழியாக இனிப்பு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கும்வரை அத்தை ஏன் வாசற்படியில் தண்ணீர்ச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.