கோர்ட்டுச் சட்டை

மாமாவின் அந்தச் சட்டைக்கு எங்கள் வீட்டில் கோர்ட்டுச் சட்டை என்று பெயர். என் நினைவில் அது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. முழுக்கை, விறைப்பான காலர், மார்பில் ஒரே ஒரு பை. சாட்சி சொல்வதற்கென்றே திருப்பாதிரிப்புலியூரில் அளவு கொடுத்துத் தைத்தது. கல்யாணம், தீபாவளி எதற்கும் அதைத் தொடமாட்டார். வாய்தா தேதி வந்தால் மட்டும் அது பீரோவிலிருந்து இறங்கும். அதைப் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு வருவார், கோர்ட் வராந்தாவில் மதியம் வரை நிற்பார், "அடுத்த மாசம் வாங்க" என்று சொன்னதும் கடலூருக்குத் திரும்பி, துவைத்து இஸ்திரி போட்டு மறுபடி உள்ளே வைப்பார். இப்படியே ஏழு வருஷம் போனது. ஒரு சட்டை நைந்துபோகிற அளவுக்கு ஒரு மனிதரைக் காக்க வைத்தார்கள்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கடலூரில் ஒரு சினிமா தியேட்டரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டர் கல்யாண மண்டபமாக மாறிய பிறகு ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கும் வேலைக்குப் போனார். காதல் படம் ஓடினால் ஆபரேட்டர் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கோர்ட் சீன் வந்துவிட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சுவரில் இருக்கும் சதுர ஓட்டையில் முகத்தைப் பதித்துக்கொள்வார். ஒரே சீனை ஒரு நாளைக்கு நாலு காட்சியும் பார்ப்பார். அந்தப் படங்களில் உண்மையான சாட்சிக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். கேட்ட கேள்விக்குப் பட்டுப்பட்டென்று பதில் வரும், எதிர்த் தரப்பு வக்கீல் வாயடைத்துப்போவார், கூட்டம் கைதட்டும். திணறுகிறவனும் மறந்துவிட்டது என்கிறவனும் வில்லனிடம் கைநீட்டிக் காசு வாங்கியவர்கள். மாமா மனசில் இது சட்டப் புத்தகத்தைவிட அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அப்படிப்பட்டவருக்கு நிஜமாகவே ஒரு வழக்கில் சாட்சியாகும் நிலை வந்தது. சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தத்துக்காகக் கிளம்பியவர், பஸ் மாறுவதற்காகப் புதுச்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவை, வேகமாக வந்த கார் ஒன்று அடித்துத் தூக்கிப் போட்டது. கார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஓட்டுகிற பக்கத்திலிருந்து ஒரு இளைஞன் இறங்கினான், திரும்பிப் பார்த்தான். அடுத்த பக்கத்திலிருந்து இன்னொருவர் இறங்கி வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தார். இளைஞன் பெரிய காண்ட்ராக்டர் ஒருவரின் மகன், மற்றவர் அவர்கள் வீட்டு டிரைவர். வண்டியை ஓட்டியது நான்தான் என்று டிரைவர் சொன்னார். இடம் மாறியதைப் பார்த்தேன் என்று சொன்னவர் மாமா ஒருவர்தான். டீக்கடைக்காரர் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டார். மாமாவின் வாக்குமூலத்தை நம்பி, போலீஸ் அந்த மகன் மேல் வழக்குப் போட்டது. வாக்குமூலம் நாலே வரிதான் இருந்தது. அந்த நாலு வரியும் உண்மை.

செத்துப்போன அம்மாவுக்கு ஒரே மகள், கிட்டத்தட்ட என் வயது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளும் வந்து நிற்பாள். முதலில் தனியாக வந்தாள், அப்புறம் வயிற்றுப் பிள்ளையோடு வந்தாள், அப்புறம் ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "யாரு ஓட்டுனாங்கன்னு அந்த ஜட்ஜு வாயால சொல்லணும்யா, எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்று மாமாவிடம் சொல்வாள். "நான் இருக்கேம்மா" என்பார் மாமா.

நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலமே மாமா என் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பிடும்போது நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்போம். என் கணவரும் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நன்றாகச் சொல்வார், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அஞ்சாவது வாய்தாவோ ஆறாவதோ, நான்தான் கேட்டேன். "சட்டை என்ன கலர் மாமா, அவன் போட்டிருந்தது?" சும்மா கேட்டதுதான், ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ப்ளூ" என்றார். "ப்ளூ கலரு பாப்பா. நல்லா ஞாபகம் வருது." எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அடுத்த தடவை வந்தபோது சட்டைக்கு முழுக்கை முளைத்திருந்தது. அதற்கடுத்த தடவை கையை மடித்து விட்டிருந்தான், மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மாசத்துக்குள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நாலு வரியைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். ஏழு வருஷம் ஒரே சீனை ஓட்டிக்கொண்டிருந்தால் ஆபரேட்டர் வேறென்ன செய்வார்?

கடைசியில் ஒருநாள் டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போயிருந்தேன். அரசு வக்கீல் ஒரு பெண்மணி, கக்கத்தில் இருபது கேஸ் கட்டு வைத்துக்கொண்டு வராந்தாவில் எங்களை நிறுத்தி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க ஐயா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க, அதுல தப்பே இல்ல" என்றார். மாமா தலையாட்டினார். வக்கீல் நகர்ந்ததும் மாமா என்னிடம் மெதுவாக, "தெரியலன்னு சொன்னா காசு வாங்கிட்டான்னு நெனைப்பாங்க பாப்பா" என்றார். அப்போதே அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பயத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. மாமா கத்தலுக்குத் தயாராகப் போயிருந்தார். அந்த வக்கீலோ சொந்தக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"பெரியவரே, இறங்கின பையன் என்ன சட்டை போட்டிருந்தார்னு ஞாபகம் இருக்குங்களா?"

"நல்லா இருக்குதுங்க. ப்ளூ கலரு, முழுக்கை. கைய மடிச்சு உட்டிருந்தாரு."

"நிச்சயமா?"

"என் கண்ணால பாத்தேங்க. ப்ளூ சட்டைதான் ஓட்டுற பக்கத்துலேர்ந்து எறங்குனது."

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு ஒரு போட்டோவை நீதிபதியிடம் கொடுத்தார். காரைப் பிடித்த அன்று காலையிலேயே போலீஸ் எடுத்த படம், கேஸ் கட்டிலேயே இருந்தது. காருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். காண்ட்ராக்டர் மகன் மஞ்சள் பனியன் போட்டிருக்கிறான். டிரைவர் போட்டிருப்பது நீல நிற முழுக்கைச் சட்டை, கையை மடித்துவிட்டிருக்கிறார். மாமாவுக்கு நீலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. அவர் பார்த்த நீலம்தான், ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்தவரின் சட்டை. நாங்கள் சாப்பாட்டுக்கு நடுவே அதை எடுத்து அந்த மகனுக்கு மாட்டிவிட்டோம். மாமா படத்தைப் பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார், அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடினார். டைப்பிஸ்ட் அவர் சொன்னதை அடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அந்த மகள் எங்கள் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எறங்குனவன் மூஞ்சியப் பாத்தீங்கல்ல, அது போதாதாய்யா? சட்டை கலரெல்லாம் யாரு உங்களக் கேட்டா?" என்றாள். மாமா பதில் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை. அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். தீர்ப்பில் அந்த மகனை விடுதலை செய்துவிட்டார்கள். யார் ஓட்டினார்கள் என்று எந்த நீதிபதியும் கடைசிவரை சொல்லவில்லை.

மாமா மேல் எனக்கு இருந்த கோபம் லேசில் தீரவில்லை. ஒரு வார்த்தை, தெரியாது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம், கணவரிடம், ஸ்டாஃப் ரூமில் என்று எல்லோரிடமும் புலம்பினேன். அதற்குப் பிறகு மாமா சினிமாவே பார்க்கவில்லை என்று அத்தை சொன்னார். இப்போது என் வீட்டில் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு கோர்ட் படம் ஓடுகிறது. இன்னமும் சாட்சிகளுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. என் மகன் சோபாவில் உட்கார்ந்து கைதட்டுகிறான். எனக்கு அந்த போனைப் பிடுங்கி வீசலாம்போல வருகிறது.

மாமா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். திதி முடிந்து அத்தை பீரோவை ஒழித்தபோது நான் கூட இருந்தேன். கோர்ட்டுச் சட்டையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இஸ்திரிக்காரர் சுற்றிக்கொடுத்த பேப்பரோடு அத்தை அதை என் மடியில் வைத்தார். பிரித்தேன். இள மஞ்சள் துணியில் நெடுக மெல்லிய பழுப்புக் கோடுகள்.

"இது இல்ல அத்தை. கோர்ட்டுக்குப் போடுறது. வெள்ளைச் சட்டை."

"வெள்ளையா? அவுருகிட்ட வெள்ளைச் சட்டையே கெடயாதே. தியேட்டர் மெஷின் எண்ணெய் ஒட்டிக்கும்னு அப்பலேர்ந்தே வாங்கமாட்டாரு. ஏழு வருஷமும் இதத்தான் போட்டுக்கினு வந்தாரு, உன் வூட்லதான் படுத்திருந்துட்டுப் போவாரு."

நான் கோடுகளைத் தடவிப் பார்த்தேன். மாமா அந்தப் பையனை ஒரே ஒரு தடவை, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பார்த்தவர். இந்தச் சட்டையை நான் என் வீட்டுக் கொடியிலேயே எத்தனையோ முறை மாட்டி வைத்திருக்கிறேன்.

"வெள்ளைன்னு ஏன் நெனச்சே?" என்றார் அத்தை.

"தெரியல அத்தை" என்றேன். எனக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.