சித்திரைக்கனியில் நட்டு

எங்கள் வீட்டில் சாமி அம்மாவின் பொறுப்பு, நாய் அப்பாவின் பொறுப்பு. இரண்டும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளாதவரை குடும்பம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில், வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பார். ஒரு மழை நாளில் பட்டறை வாசலில் ஒதுங்கிய நாய்க்குட்டி, மறுநாள் காலையில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. வேலை செய்யும் அண்ணன்கள் துரத்திப் பிடித்து, வாயைப் பிளந்து அதை எடுத்தார்கள். சாயங்காலம் இன்னொரு நட்டு. நாய்க்கு நட்டு என்றே பேர் நிலைத்துவிட்டது. தவிட்டு நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். பாதி கவனமாகவும் பாதி தூக்கமாகவும் இருப்பதாகத் தோன்றும், ஆனால் அது தூங்கி நான் பார்த்ததில்லை.

வளர்ந்த பிறகு நட்டு இரும்பை விட்டுச் செருப்புக்கு மாறியது. ஜோடியாக எடுக்காது, ஒற்றைச் செருப்பைத்தான் எடுக்கும். ஒரம்பரை வந்தால், விருந்தாளிகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், பலகாரம் எடுத்து வைப்பதற்கு முன்னால் அவர்கள் செருப்பை எடுத்துப் பரண்மேல் வைக்க வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டோம். அப்பாவின் சித்தப்பா ஒரு காலில் தன் தோல் செருப்பும் மறு காலில் எங்கள் பாத்ரூம் செருப்புமாக ஈரோட்டுக்கு பஸ் ஏறினார்.

அம்மாவின் செருப்பை மட்டும் நட்டு தொட்டதே இல்லை. தினமும் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு அம்மா போகும்போது கூடவே போகும். அவள் சுற்றி வந்து முடிக்கும்வரை அவள் செருப்புப் பக்கத்தில் படுத்திருக்கும், வேறு யாரையும் அண்ட விடாது. அம்மா இதை ஒருநாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. “பின்னாலயே வந்து தொலையுது” என்றுதான் சொல்வாள்.

வினை பங்குனி உத்திரத்தன்று வந்தது. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து, பூஜை அறையில் முருகன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலைப் படைத்து, கற்பூரம் காட்டிக் கண்ணை மூடினாள். அம்மா கண்ணை மூடினால் சீக்கிரம் திறக்க மாட்டாள். சொந்தபந்தம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டிக்கொள்வாள். திறந்தபோது இலை இருந்தது, பொங்கல் இல்லை. இலையைக் கழுவி வைத்ததுபோல் இருந்தது. முந்திரிப் பருப்பு ஒன்று மட்டும் கோலத்தின்மேல் கிடக்க, அதையும் நட்டு திரும்பி வந்து எடுத்துக்கொண்டது.

அப்பா அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“வருஷா வருஷம் படைக்கிற. இந்த வருஷந்தான் சாப்புட்டிருக்குது. சந்தோசப்படு அம்மிணி” என்றார்.

அம்மா நேராகப் போனை எடுத்து கோபியில் இருக்கும் மாமாவைக் கூப்பிட்டாள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் தென்னையும் வாழையுமாகத் தோட்டம் வைத்திருப்பவர். “தோட்டத்துக்குக் காவலுக்கு நாயி வேணுமுன்னீங்களேண்ணா, இங்க ஒண்ணு இருக்குது. சித்திரைக்கனிக்கு வாரப்போ வேன்ல போட்டுட்டுப் போயிருங்க. பூஜை ரூமுக்குள்ள நாயி பூந்தா ஊடு வெளங்குமுங்களா?” என்றாள். மாமா சித்திரை முதல் தேதிக்குத் தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அதனால் நட்டு எங்கள் வீட்டில் இருக்கப்போவது வருஷப் பிறப்பு வரைதான் என்று ஆகிவிட்டது.

நான் அழுதேன். நான் அழுவதைப் பார்த்துத் தம்பியும், காரணம் என்னவென்று விசாரிக்காமலேயே, அழுதான். பட்டறைக்குப் போய் அப்பாவிடம் முறையிட்டேன். அவர் மிஷினை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சாமி விஷயம் உங்கம்மா டிபார்ட்மெண்ட் கண்ணு. அதுல நான் போய்த் தலையிட்டா, நட்டு பக்கத்துல எனக்கும் வேன்ல எடம் போட்டுருவா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அவர் நட்டுவுக்கு வைத்ததைப் பார்த்தேன்.

சித்திரைக்கனியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் வருஷப் பிறப்புக்கு முந்தின இரவே ஒரு கண்ணாடியைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, மா, பலா, வாழை, வெள்ளரி, வெற்றிலை, கொன்றைப்பூ, வேப்பம்பூ, நகை, சில்லறை எல்லாவற்றையும் அதன் முன்னால் பரப்பி வைத்துவிடுவார்கள். விடிகாலையில் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு போய், அதன் முன்னால் உட்கார்ந்துதான் கண்ணைத் திறக்க வேண்டும். முதலில் எதைக் காண்கிறோமோ அந்த வருஷம் அப்படியே அமையும். அம்மாவுக்கு இதில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அதற்கு முந்தின வருஷம் தம்பி அவசரப்பட்டுப் பாதி வழியிலேயே கண்ணைத் திறந்து கேஸ் சிலிண்டரைப் பார்த்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க, குழம்பு கொதிக்கும் நேரமாகப் பார்த்து கேஸ் தீர்ந்தபோதெல்லாம் அவனுக்குத்தான் திட்டு விழுந்தது.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாவின் டிபார்ட்மெண்ட் சாமியிடம் நேரடியாகவே பேசிவிடுவது என்று பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவருக்கு அந்தப்புறம் சமையலறையில் அம்மா மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் முருகனுக்குக் கேட்க வேண்டுமே என்று நானும் தொண்டையைத் திறந்துதான் வேண்டினேன்.

“முருகா, நட்டு கோபிக்குப் போகக் கூடாது. மாமா வேன் பஞ்சர் ஆகோணும். மாமாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, வேனுக்கு மட்டும்.”

வெறுமனே கேட்டால் சாமி தராது என்று எனக்குத் தெரியும். அம்மா பால்குடம், மொட்டை என்று ஏதாவது நேர்ந்துகொண்டுதான் கேட்பாள். மொட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரட்டைச் சடை போடும் அளவுக்கு அப்போதுதான் முடி வளர்ந்திருந்தது. யோசித்துப் பார்த்து, உலகத்திலேயே எனக்குக் கஷ்டமான காரியத்தைச் சொன்னேன்.

“நாளைக்கு வேப்பம்பூப் பச்சடி எத்தன வெச்சாலும் துப்பாம, எலைக்கடியில ஒளிக்காம, முழுசாத் தின்னறேன் முருகா. நட்டு இல்லாட்டி எனக்கு ஆரும் வேண்டாம்.”

கடைசியாகச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. மிக்சி அதற்குள் நின்றுவிட்டிருந்தது என்றுதான் ஞாபகம். முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேண்டுதலை யாரிடமாவது சொன்னால் பலிக்காது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்ததால் தம்பியிடம்கூட மூச்சு விடவில்லை. பின்வாசலில் சங்கிலியில் கட்டியிருந்த நட்டுவிடம் மட்டும் காதோடு சொன்னேன், அதுவும் மடிந்த காதில்.

மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்தில் என் கண்களின்மேல் ஈரமான இரண்டு கைகள் வந்து மூடின.

“எந்திரி கண்ணு. கண்ணத் தொறந்துபோடாத, அப்படியே மெதுவா வா.”

வழக்கமாக முதலில் அப்பாவைத்தான் அழைத்துப்போவாள். அந்த வருஷம் என்னை எழுப்பினாள். பூஜை அறைக் கதவின் மணிகள் குலுங்கின. பாயில் உட்கார வைத்துக் கையை எடுத்தாள்.

“இப்பத் தொற.”

கண்ணாடியில் விளக்குச் சுடர், மஞ்சள் மஞ்சளாகக் கொன்றைப்பூ, பிளந்த பலா, அம்மாவின் சங்கிலி, நடுவில் தூக்கம் கலையாத என் முகம். என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து.

நட்டுவேதான். நெற்றியில் ஒரு திருநீற்றுக் கீற்று, அதன் நடுவில் வட்டமாகக் குங்குமப் பொட்டு. உடம்பெல்லாம் ஈரம். மேலே சந்தன வாசம். கண்ணாடியில் தன்னையே பார்த்து வாலை ஆட்டியதில் தாம்பாளம் தட்டுப்பட்டுச் சில்லறை நாலாபக்கமும் உருண்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய், சாத்திய கதவுக்குள் எப்படி வந்தது? சாமி வந்தால் சந்தன வாசம் வரும் என்று அம்மாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஈரத்துக்கும் எனக்குக் காரணம் கிடைத்தது. இரவு இங்கே அபிஷேகம் நடந்திருக்கிறது, கூட நின்ற நட்டுமேலும் கொஞ்சம் பட்டிருக்கிறது. பொட்டும் அப்போது வைத்ததுதான். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

“இது எப்படி உள்ள வந்துச்சு?” என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஆனால் விரட்டவில்லை.

அடுத்து தம்பி வந்தான். கண்ணைத் திறந்ததும் “நட்டு!” என்று கத்திக் கட்டிக்கொண்டான். கடைசியில் அப்பா. கண்ணாடியில் பார்த்துவிட்டுக் குனிந்து நட்டுவின் கழுத்தருகே மோந்து பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, நாயிமேல சந்தன சோப்பு வாசம் அடிக்குது?”

“கனி முன்னால என்னங்க பேச்சு? கும்புடுங்க” என்று அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அப்பா கைகூப்பிக் கண்ணை மூடினார். அவ்வளவு நேரம் அவர் கண்ணை மூடிக் கும்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நட்டு சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு முழுங்கியது. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு மீதிச் சீப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. வேன் இருக்கிறதே! பத்து மணிக்கு மேல் அது தெருவுக்குள் திரும்பியது. நான்கு டயரிலும் காற்று கும்மென்று இருந்தது. மாமா ஒரு வாழைத்தாரையும் தேங்காய் மூட்டையையும் இறக்கிவிட்டு, ஒரு சுருள் கயிற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நானும் தம்பியும் நட்டுவைப் பின்வாசலில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

“வாங்கண்ணா” என்று அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

“எங்கம்மிணி அந்த நாயி? கவுறு கொண்டாந்திருக்கறேன்.”

“அது வந்துங்கண்ணா, காலைல கனியில வந்து ஒக்காந்துபோடுச்சு. கனியில கண்டத அந்த வருஷம் ஊட்ட உட்டு அனுப்பக் கூடாதுங்களே.”

மாமா சொம்பைப் பாதியில் நிறுத்தினார். “நானும் நீயும் ஒரே ஊட்டுலதான பொறந்தோம்? இப்படியொரு சாஸ்திரத்த நான் கேட்டதே இல்லியே?”

“நீங்க எந்தக் காலத்துல இதெல்லாம் காது குடுத்துக் கேட்டீங்க? வெடியறதுக்கு முன்னால தோட்டத்துக்கு ஓடிப்போயிருவீங்க.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியை, ரிப்பேர் பார்க்க வந்தவர்போல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கும், இருக்கும்” என்று மாமா கயிற்றைக் கீழே வைத்தார். “சாஸ்திரம்னா என்ன பண்றது.”

நாங்கள் சந்தோஷத்தில் கையை விட்டுவிட்டோம். நட்டு பாய்ந்து முன்வாசலுக்குப் போனது. செருப்பைப் பரண்மேல் எடுத்து வைக்க அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாமாவின் இடது செருப்பு போயே போய்விட்டது.

மத்தியானம் அம்மா எல்லோருக்கும் வரிசையாக இலை போட்டாள். வடை, பாயசம், மாங்காய் போட்ட குழம்பு. பிறகு வேப்பம்பூப் பச்சடிச் சட்டியோடு அம்மா வந்தாள். அப்பாவுக்கு ஒரு கரண்டி, மாமாவுக்கு ஒரு கரண்டி, தம்பிக்குத் தொட்டுக்கொள்ள. என் இலைக்கு வந்ததும் ஒரு கரண்டி வைத்தாள். அதன்மேல் இன்னொன்று வைத்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவதையும் வைத்தாள்.

“அம்மா, போதுங்கம்மா!”

அம்மா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“துப்பாம, எலைக்கடியில ஒளிக்காம, முழுசாத் தின்னோணும் கண்ணு. சாமிகிட்டச் சொன்னா சொன்னதுதான்.”

நியாயம்தான் என்று பட்டது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அவ்வளவையும் தின்றேன். அம்மா என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனாள். சாமிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பச்சடி அத்தனை கசப்பு.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, முருகன் ராத்திரியில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, நட்டுவின் சங்கிலியை அவிழ்த்து, குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கனி முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனதைச் சத்தியம் செய்து சொன்னேன். கொடியில் காய்ந்திருந்த பழைய துண்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தவிட்டு நிற முடியை உதறிக்கொண்டே அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட இல்லையென்று சொல்லவில்லை.