கறுப்பு வயரில் கறுப்பு நூல்

என் தம்பி தையல்காரன். சொன்ன நாளில் எதையும் தைத்துக் கொடுத்ததில்லை. கொடுத்தால் ஒரு பிசிறு இருக்காது. கடை திறக்கும் முன்னும் மூடிய பிறகும் வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய காரின் இஞ்சினைக் கழற்ற இறங்கினான்.

காரணம் அவன் மனைவி. பக்கவாதத்தில் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாடகைக் கார்களில் இருக்கை உயரம். இரண்டு பேர் அள்ளித்தான் ஏற்ற வேண்டும். "மூட்டை மாதிரி ஏத்துறதுக்கு நான் வீட்டுலயே கிடக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். இந்தப் பழைய காரில் இருக்கை தாழ்வு, கதவு அகலம். சக்கர நாற்காலியிலிருந்து பலகை வைத்து நகர்ந்தே உட்காரலாம். ஆனால் கிளட்ச் தேய்ந்து வண்டி நகரவில்லை. அதை மாற்ற இஞ்சினையும் கியர்பாக்ஸையும் வெளியே எடுக்க வேண்டும். பட்டறைக்காரர், "பழைய இரும்புக்குப் போடுங்க" என்றுவிட்டார்.

நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் போய் அவளைக் குளிப்பாட்டுவேன். அன்று போனால், கட்டிலிலிருந்து அவளைத் தூக்கி நகர்த்தும் சக்கரம் வைத்த இரும்புத் தூக்கி அறையில் இல்லை.

"எங்கேம்மா அது?"

"வேலைக்குப் போயிருக்கு அண்ணி. உங்க தம்பி கூட்டிட்டுப் போனாரு."

ஷெட்டுக்குப் போனேன். அவளை உட்காரவைத்துத் தூக்கும் துணித்தொட்டிலில் இஞ்சினைக் கைக்குழந்தை மாதிரிச் சுற்றித் தூக்கியில் மாட்டியிருந்தான். இஞ்சினின் முன்பக்கம் ஒரு சாண் எழும்பியிருந்தது. தூக்கியின் பின்சக்கரங்களும் எழும்பப் பார்த்தன.

"இறக்குடா."

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. என்னமோ பிடிச்சு இழுக்குது."

"உன் பொண்டாட்டியத் தூக்குற சாமான்டா இது. இந்த இரும்பு மூணு பொண்டாட்டி கனம் இருக்கும்."

"ஒண்ணையே சமாளிக்க முடியல."

"இறக்குன்னேன்."

இறக்கினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலே. போல்ட்டுகளைத் தனித்தனித் துணிப்பைகளில் போட்டு வாயைத் தைத்திருந்தான். கழற்ற வேண்டிய வயர், குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலை முன்கூட்டியே கட்டியிருந்தான். நூல் கண்ணில் பட்ட இடமெல்லாம் கழற்றியாயிற்று.

ஆளைத் தூக்குமுன் ஏதாவது குழாய் உடம்போடு மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். டார்ச்சைப் பிடுங்கிக் கீழே பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து காரின் சட்டத்துக்குப் போகும் எர்த் வயர் விறைத்து நின்றது. கறுத்த வயரில் கறுப்பு நூல்.

"கறுப்புல கறுப்பாடா?"

"மேட்ச்சிங் பாத்துக் கட்டிட்டேன்க்கா." கேலி இல்லை, நிஜமாகவே சொன்னான்.

பக்கத்து வீட்டு வெல்டரைக் கூப்பிட்டேன். சங்கிலி இழுத்துக் கனம் தூக்கும் செயின் பிளாக்கும், அதைத் தொங்கவிட மூன்று கால் ஸ்டாண்டும் கொண்டுவந்தார். வயரைக் கழற்றியதும் இஞ்சினும் கியர்பாக்ஸும் அடம்பிடிக்காமல் மேலே வந்தன.

"டெய்லரண்ணே, என்னை முதல்லயே கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா நீயே எல்லாத்தையும் கழட்டிடுவ."

தூக்கியின் பற்றவைத்த இடங்களைத் தடவிப் பார்த்து, விரிசல் இல்லை என்றார் வெல்டர். எனக்கு அது போதாது. துடைத்து அறைக்குத் தள்ளிப்போய், அலமாரியில் இருந்த மாற்றுத் தொட்டிலை மாட்டினேன். தம்பியைக் கைகால் கழுவி வரச் சொன்னேன்.

"உக்காருடா."

"நானா?"

"அவளவிட நீ கனம். தாங்கினா அவளுக்கு. தாங்கலன்னா உனக்கு."

ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றி அறையைச் சுற்றித் தள்ளினேன். கால் இரண்டும் தொங்க, ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி வந்தான். தூக்கி ஆடவில்லை. அவள் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறக்கட்டுமாம்மா?"

"கிளட்ச் மாத்தி என்னை எப்ப வெளிய கூட்டிட்டுப் போவாருன்னு கேளுங்க அண்ணி. தேதி சொன்னப்புறம் இறக்குங்க."

"நாளைக்கு" என்றான் தம்பி, கடைப் பழக்கத்தில்.

அவனை அப்படியே விட்டுவிட்டு, குளிக்க வெந்நீர் வைக்கப் போனேன்.