நீலச் சுவரும் நாற்பது காவிச் சேலையும்

பெங்களூர் நீலசந்திராவில் ஜானகியின் வாட்ஸ்அப் குழுவில் இல்லாத பெண் ஒருத்தி இருந்தால், ஒன்று அவளிடம் போன் இருக்காது, இல்லை ஜானகியோடு பேச்சுவார்த்தை இருக்காது. விடிந்ததும் பால் பாக்கெட் வருகிறதோ இல்லையோ, குழுவில் சேலைப் படங்கள் வந்து விழுந்துவிடும். கடை கிடையாது, போர்டு கிடையாது. வீட்டுக் கட்டில்தான் கிடங்கு. ஆட்டோ ஓட்டிக் களைத்து வரும் வீட்டுக்காரர் முனிராஜ், சூரத்திலிருந்து வந்த கட்டுகளுக்கு நடுவே ஒரு சந்து கண்டுபிடித்துச் சுருண்டுகொள்வார். புரண்டு படுத்தால் மேலே ஒரு டஜன் சேலை சரியும். குளிருக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

ஜானகி முன்பு கார்மென்ட்ஸில் இருந்தாள். பிசிறு நூல் வெட்டுகிற வேலை. கம்பெனி ஹெப்பகோடிப் பக்கம் போனதும், இரண்டு பஸ் மாறிப் போய் நூல் வெட்டுவதற்குப் பதில் வீட்டிலேயே சேலை விற்கலாம் என்று நின்றுகொண்டாள். ஆரம்பத்தில் சேலையைத் தரையில் விரித்துத்தான் படம் எடுத்தாள். எந்தச் சேலையும் தரை துடைக்கிற துணி போலவே வந்தது. வாங்க ஆளில்லை.

ஒருநாள் மழை ஈரத்தில் நமுத்துப்போன கிளிப்பச்சைச் சேலை ஒன்றை வாசல் கொடியில் காயப்போட்டாள். எதிரே மமதா வீட்டு கேட், தாமரை ரோஸ். தற்செயலாக இரண்டையும் சேர்த்து ஒரு படம் தட்டிக் குழுவில் போட்டாள். அவ்வளவுதான். பச்சை பச்சையாகக் கத்தியது, ரோஸ் ரோஸாகக் கத்தியது. அன்று வந்த ஆர்டரில் போன் கொதித்துவிட்டது. அதன் மேல் வைத்து அப்பளம் சுட்டுச் சாப்பிட்டதாக முனிராஜ் ஆட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதிலிருந்து ஜானகிக்கு நிறப் பைத்தியம் பிடித்தது. தோளில் சேலைகளைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சுவர் பார்க்கக் கிளம்புவாள். நிறம் எதுவும் தனியாக இருப்பதில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் முகத்தை வைத்துக்கொள்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. வெளிர் ரோஸைச் சாம்பல் பக்கத்தில் வைத்தால் சாம்பலும் கொஞ்சம் வெட்கப்படும். சிவப்பும் பச்சையும் ஓரகத்திகள் மாதிரி முறைத்துக்கொள்ளும், ஆனால் அந்த முறைப்பில்தான் இரண்டுக்கும் அழகு. முனை வீட்டு ஊதாச் சுவரில் கடுகு மஞ்சள் சேலையைத் தொங்கவிட்டபோது பஸ்ஸே நின்றுவிட்டது. டிரைவர் சிக்னல் என்று நினைத்தாராம். கண்டக்டர் இறங்கி வந்து மனைவிக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். நம்பாதவர்கள் கண்டக்டரையே கேட்கலாம், ஆனால் அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

முனிராஜின் காக்கிச் சட்டை மட்டும் எதோடும் ஒத்துப்போகவில்லை.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க பக்கத்துல வந்தா பட்டுச் சேலையும் கோணிப்பை மாதிரி விழுது."

"கல்யாணத்துல இருந்து பக்கத்துலதானே நிக்கிறேன். இவ்ளோ நாள் தெரியலையா?"

"இவ்ளோ நாள் கையில கேமரா இல்லையே."

சுவர்களிலேயே ராஜா, பக்கத்து வீட்டு பெட்டி ஆண்ட்டியின் சுவர். நல்ல மயில்கழுத்து நீலம். ஆண்ட்டி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் ஊசி போட்டால் நோய்க்கு முன்னால் நோயாளி ஓடுவான் என்று பெயர். ஜானகி சேலையோடு வந்தாலே ஜன்னலைத் திறப்பார்.

"வந்துட்டியா? என் வீட்டுச் சுவத்துக்கு நீ புடவை கட்டிவிட்ட அளவுக்கு எங்கம்மா எனக்குக் கட்டிவிடலடி."

"உங்க சுவருக்கு இடுப்பு இல்லை ஆண்ட்டி, அதான் நல்லா நிக்குது."

ஆண்ட்டி சிரிக்க மாட்டார். ஆனால் ஏலக்காய் டீ வந்துவிடும். ஜானகிக்கு அம்மா போன பிறகு, தலைவலி என்றாலும் சந்தோஷம் என்றாலும் அந்தப் பக்கம்தான் போவாள்.

அந்த ஆண்ட்டிதான் பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். செப்டம்பர் எட்டாம் தேதி சிவாஜிநகர் மாதா திருவிழா. அன்றைக்குக் காவி உடுத்துவது வழக்கம். தெருவில் சேர்ந்து ஜெபம் சொல்லும் குடும்பங்களின் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அந்த அன்பியத்துப் பெண்கள் இந்த வருஷம் ஒரே மாதிரிச் சேலை கட்டிக்கொண்டு தேருக்குப் பின்னால் நடக்க நினைத்தார்கள். நாற்பது சேலை. தலைவி ரெஜினா வேறு கடை சொன்னாள். "நம்ம ஜானு இருக்கும்போது வெளியில ஏன்? அவ பொறுப்புக்கு நான் பொறுப்பு" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் பெட்டி ஆண்ட்டி. அவர் அப்படி யாருக்கும் சொன்னதில்லை.

ஜானகி மாதிரிச் சேலையை வரவழைத்தாள். வழக்கம்போல நீலச் சுவரில் தொங்கவிட்டாள். அடடா! தணல் போல எரிந்தது. போட்டோவில் மட்டும் இல்லை, நேரிலும் அப்படித்தான். ரெஜினாவே வந்து நின்று பார்த்தாள், முந்தியைத் தொட்டுப் பார்த்தாள். "இதான் காவி. இதையே சொல்லிடு" என்றாள். ஜன்னலில் நின்ற ஆண்ட்டியும் தலையாட்டினார். மூன்று பெண்கள், ஆறு கண், பட்டப்பகல். யாருக்குமே சேலையை அந்தச் சுவரிலிருந்து எடுத்து இரண்டடி தள்ளிப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நாற்பதும் வந்தன. ஜானகியும் முனிராஜும் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றி, கோயில் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். கூடத்தில் திருவிழாவுக்காக மேடையில் புதுத் திரை கட்டியிருந்தது. பளீரென்ற காவித் திரை. அதன் முன்னால் ரெஜினா முதல் சேலையை உதறி விரித்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா இது?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. "தேருக்குப் போறோமா, கட்டட வேலைக்குப் போறோமா?"

திரை நெருப்பு என்றால் சேலை அணைந்த அடுப்பு. ஜானகிக்கே அடையாளம் தெரியவில்லை. அதே சேலைதான், அதே நூல், அதே சாயம். ஆனால் செங்கல்லை அரைத்துப் பூசியது போல நின்றது.

"நீங்களும்தானே பார்த்தீங்க ரெஜினாக்கா..."

"நான் பார்த்தது காவி. நீ கொண்டாந்தது செங்கல். இதைக் கட்டிட்டு மாதா முன்னாடி எப்படி நிக்கிறது? எடுத்துட்டுப் போம்மா."

அதுகூடப் பரவாயில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த பெட்டி ஆண்ட்டி எழுந்தார். ஜானகி பக்கம் திரும்பாமலே, "நான் சொல்லித்தானே வாங்கினீங்க. எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். நர்ஸாக இருந்த காலத்தில் பெரிய டாக்டரிடம்கூட மன்னிப்புக் கேட்காத வாய் அது. குடையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போய்விட்டார். ஆட்டோவில் வாங்க என்று முனிராஜ் கூப்பிட்டது காதில் விழாதது போலப் போனார்.

சேலை போனால் போகட்டும், கட்டிலில் இன்னொரு வரிசை அடுக்கிக்கொள்ளலாம். ஆண்ட்டியின் ஜன்னல் இனித் திறக்குமா என்பதுதான் ஜானகியின் கவலை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழைக்குச் சொல்லிக்கொண்டு வருகிற பழக்கம் ஏது? முனிராஜ் ஓரமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து நீலத் தார்ப்பாயை உருவிக் கட்டுகளின் மேல் போர்த்தினார். முழுசாக மூடவில்லை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஜானகி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி துடைத்துக்கொண்டு பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த அந்த முனை மழை இருட்டில் தகதகவென்று எரிந்தது.

"ஏங்க, அந்தத் தார்ப்பாயைக் கொஞ்சம் எடுங்க."

"நனையும்டீ."

"எடுங்கன்றேன்!"

எடுத்தார். செங்கல். "போடுங்க." போட்டார். தணல். "எடுங்க." செங்கல். மழையில் நின்றுகொண்டு தார்ப்பாயைப் போட்டும் எடுத்தும் கொண்டிருந்த ஆட்டோக்காரரைப் பார்க்கப் பாதி ரோடு நின்றுவிட்டது. வித்தை காட்டுகிறார் என்று நினைத்து ஒருவர் கைதட்டினாராம். அது முனிராஜ் சொன்னது.

வீட்டு வாசலில் அவர் ஆட்டோவை நிறுத்துவதற்குள் ஜானகி குதித்து இறங்கி, ஒரு சேலையோடு பெட்டி ஆண்ட்டியின் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை.

"ஆண்ட்டி, திட்டுறதுன்னா திறந்துட்டுத் திட்டுங்க. உள்ளேயிருந்து திட்டினா எனக்குச் சரியா கேக்காது."

தாழ்ப்பாள் நீங்கியது. ஆண்ட்டியின் கண் சிவந்திருந்தது.

"மாதா சபைக் கூட்டத்துக்கு எல்லாரும் வெள்ளைப் புடவையோட ஒரு நீல ஜாக்கெட் போடுவீங்களே, அது எங்க?"

"எதுக்குடி? அதையும் போட்டோ எடுக்கவா?"

"போட்டுட்டு வாங்க. அப்புறம் பேசுங்க."

வேண்டாவெறுப்பாக நீல ஜாக்கெட்டைப் போட்டு, ஜானகி தந்த சேலையைச் சுற்றிக்கொண்டு ஆண்ட்டி பீரோ கண்ணாடி முன்னால் வந்து நின்றார். இப்படித் திரும்பினார். அப்படித் திரும்பினார். பிறகு கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்:

"காவிக்குக் காவி ஜாக்கெட்தான் வழக்கம். ரெஜினா ஒத்துக்க மாட்டா."

"மாதாவோட நிறம் எது ஆண்ட்டி?"

ஆண்ட்டி திரும்பி, சுவரில் நீல அங்கியோடு நின்ற மாதா படத்தைப் பார்த்தார். "கெட்டிக்காரிடி நீ" என்றார். சிரிக்கவில்லை. செருப்பை மாட்டினார். அந்த ஜாக்கெட்டோடு, அந்தச் சேலையோடு, தூறலில் நேரே ரெஜினா வீட்டுக்கு நடந்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. போகும்போது கையில் ஊசியும் இருந்தது என்று தெருவில் ஒரு பேச்சு. எப்படியோ, நாற்பது சேலையும் போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மாதா சபை ஜாக்கெட் எல்லார் பீரோவிலும் ஏற்கெனவே இருந்தது. சிலருக்குத் தையல் பிரிக்க வேண்டியிருந்தது, அதைப் பற்றி வெளியில் பேச வேண்டாம்.

திருவிழா அன்று சிவாஜிநகரில் எள் போட இடமில்லை. எங்கே பார்த்தாலும் காவி. காவிச் சட்டை, காவித் துண்டு, குழந்தைகளின் தலையில் காவி ரிப்பன். எல்லாம் சேர்ந்து ஒரே காவியாகப் போனதில், கொஞ்ச நேரத்தில் எதுவுமே கண்ணில் பதியவில்லை. அந்த வெள்ளத்துக்கு நடுவில் நீல ஜாக்கெட் போட்ட நாற்பது பெண்கள் வந்தார்கள். கூட்டம் தானாகத் திரும்பிப் பார்த்தது. ஜானகி ஒரு கடைப் படியில் ஏறி நின்று படமாகத் தட்டித் தள்ளினாள். முனிராஜ் நாலு கடை தள்ளி, காக்கியோடு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றார்.

தேர் நின்ற இடத்தில் லிங்கராஜபுரத்துப் பெண்கள் சிலர் ரெஜினாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கக்கா எடுத்தீங்க? எங்களுக்கு இந்த மாதிரிக் காவி கிடைக்கவே மாட்டேங்குது."

ரெஜினா பெட்டி ஆண்ட்டியைப் பார்த்தாள். ஆண்ட்டி வானத்தைப் பார்த்தார். கடைப் படியில் ஜானகி போனை இறக்கினாள்.

"அதோ நிக்கிறாளே, ஜானகி. எங்க ஆளுதான்" என்றாள் ரெஜினா. "நம்பி வாங்கலாம்."

விசாரித்த பெண் ஜானகியிடம் வந்தாள், பின்னாலேயே ஆண்ட்டியும். "எங்களுக்கு அம்பது வேணும்மா. இதே போட்டோ, இதே கலர்."

வழக்கமாக இந்த இடத்தில் ஜானகியின் வாயில் தேன் ஒழுகும். இன்று படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, உள்ளதைச் சொல்றேன். இந்தப் புடவையைத் தனியாப் பார்த்தா அழுதுடுவீங்க. முதல்ல என்ன ஜாக்கெட் வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற பெட்டி ஆண்ட்டி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். "விக்கத் தெரியுதா பார் இவளுக்கு" என்றார். பிறகு கிள்ளிய இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு, தேர் நகரும் வரை எடுக்கவே இல்லை.