சிங்களப் பேரில் ஒரு கார்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் கார் வாங்கிய தமிழர்கள் பலருக்கு ஒரு வியாதி இருந்தது. காசு கொடுப்பார்கள், ஓட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைப்பார்கள். ஆனால் பதிவுப் புத்தகத்தில் மட்டும் தங்கள் பெயரை ஏற்ற மாட்டார்கள். விற்ற சிங்களவரின் பெயரையே விட்டுவைப்பார்கள். அந்தப் பெயரைக் கண்டதும் சோதனைச் சாவடியில் சிப்பாய் வழிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. நானும் அந்த நோயாளிகளில் ஒருவன்.

எனக்குக் காரை விற்றவர் நுகேகொடையில் இருந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். இரண்டு கண்ணிலும் படலம் விழுந்து, எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாமல் போனதால்தான் விற்றார். நல்ல மனிதர். பெயர் மாற்றும் படிவத்தில் நாள் போடாமல் கையெழுத்து வைத்துத் தந்து, வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளச் சொன்னார். எனக்கு அந்த வசதி வரவேயில்லை.

எங்கள் கீழ்வீட்டுக்காரர், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவர். சட்டம் முழுவதும் தன் சட்டைப்பைக்குள் இருப்பதாக நினைப்பு. இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்ப அவரிடம்தான் போனேன். சொந்தக்காரர் யார், ஓட்டுபவர் யார் என்று அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் அவர் அதிபரின் பெயரையே எழுதினார்.

"ஓட்டுறது நானெல்லோ அண்ணை?"

"தம்பி, ஒரு சிங்களப் பேர் உம்மைக் காப்பாத்த நிக்குது. அதுக்குப் பக்கத்தில உம்மட பேரையும் போட்டு ஏன் கெடுக்கிறீர்?"

சொந்தக்காரர் மட்டுமே ஓட்டலாம் என்று இன்சூரன்ஸ் வந்து சேர்ந்தது. கண் தெரியாத ஒருவர் நாள்தோறும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கார் ஓட்டுவதாகக் கடதாசி சொன்னது. அதை மடித்து வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போய்வந்தேன்.

பலன் உடனே தெரிந்தது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், புத்தகத்தில் சிங்களப் பெயர். "கார் எக காகேத?" என்று, கார் யாருடையது எனக் கேட்காத சிப்பாய் இல்லை. மற்றத் தமிழர்களின் காரில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். என் காரில் டிக்கி, பொனற், ஆசனத்தின் அடி, அதன் பிறகு என் பரம்பரை. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் இடத்துச் சாவடியில் மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் இறங்கி நின்றேன். கீழ்வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "சொந்தப் பேர் எண்டா இன்னும் மோசமா இருக்கும்" என்பார். அவரிடம் கார் இல்லை.

ஒரு நாள் காலை அங்கே புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் இன்சூரன்ஸைக் கடைசி வரி வரை வாசித்தான். என்னையும் காரையும் நேரே பொலிஸுக்குக் கொண்டுபோனான்.

"சொந்தக்காரர் மட்டும்தான் ஓட்டலாம் என்று இருக்கிறது. அப்படியென்றால் நீ யார்?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட்.

வாங்கிவிட்டேன் என்றால், ஏன் பெயர் மாற்றவில்லை என்பார். அதற்கான காரணத்தை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? இதைவிடச் சின்ன விஷயத்துக்கு உள்ளே போய் மாதக்கணக்கில் வெளியே வராதவர்களை எனக்குத் தெரியும். நன்றாகவே பயந்தேன். சார்ஜன்ட் அதிபருக்கு ஃபோன் செய்து வரச் சொன்னார். 'அதை எப்போதோ விற்றுவிட்டேனே' என்று அந்த மனிதர் உண்மையைச் சொன்னால் என் கதை முடிந்தது.

அதிபர் ஓட்டோவில் வந்து, படியைக் காலால் தடவித் தடவி ஏறினார். சார்ஜன்ட் எழுந்து நின்றார். கார் உங்களுடையதா என்று கேட்டார்.

"என்னுடையதுதான். இவன் என் டிரைவர்" என்று அதிபர் சுவரோரம் நின்ற கான்ஸ்டபிளைக் காட்டினார். நான் பாய்ந்துபோய் அந்த விரலுக்கு நேரே நின்றேன். டை கட்டிய டிரைவர். வெட்கம் வரவில்லை, உயிர்தான் திரும்பி வந்தது.

சார்ஜன்ட் சட்டத்தை மதிப்பவர். "சரி, டிரைவர் போகலாம். ஆனால் இன்சூரன்ஸ்படி காரை நீங்கள்தான் ஓட்டவேண்டும் ஐயா" என்று சாவியை அதிபரின் கையில் வைத்தார்.

கண் தெரியாது என்று சொன்னால் தன் பெயரில் இருக்கும் இன்சூரன்ஸே பொய் என்றாகும். அதிபர் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்து, இடது, இன்னும் இடது, பிறேக் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். காலையில் என்னைப் பிடித்த சாவடி வந்தது. நான் பிறேக் என்று கத்துவதற்குள், நடுவீதியில் வைத்திருந்த தார்ப்பீப்பாயை இடித்து உருட்டிவிட்டார். சுடப்போகிறார்கள் என்று கண்ணை மூடினேன்.

அதே சிப்பாய் ஓடிவந்து குனிந்து, நரைத்த தலையையும் வெள்ளை உடுப்பையும் பார்த்தான். பீப்பாயைத் தானே நிமிர்த்தி ஓரமாக வைத்தான். "யன்ன மாத்தயா, யன்ன" என்று, ஐயா போகலாம் எனக் கை காட்டினான்.

மூன்று வருடத்தில் அந்தச் சாவடியில் நான் இறங்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.