சட்டையை மாற்றிக்கொண்டு வந்த கேப்டன்

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறு பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் எம்.காம். படித்துக்கொண்டிருந்தேன். மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவேன். பி.காமிலேயே வாலிபால் ஆடிப் பழக்கம் என்பதால், சேர்ந்த வாரமே கல்லூரி டீமிலும் ஒட்டிக்கொண்டேன். ஆட்டம் சுமார்தான். வாய்தான் எனக்குக் கொஞ்சம் நீளம்.

எங்கள் டீமுக்கு ஒரு டி-ஷர்ட் உண்டு. கருஞ்சிவப்பு நிறம், முதுகில் மஞ்சள் எழுத்தில் கல்லூரியின் பெயர் பெரிதாக இருக்கும். அதை எங்களுக்குக் கொடுத்த அன்று கேப்டன் ஒரே ஒரு விதி சொன்னாள். இதைப் போட்டுக்கொண்டு யாரும் ஒரு சொட்டு மதுகூடத் தொடக் கூடாது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலேஜ் கேன்டீனில் ரோஸ் மில்க்குக்கே காசு எண்ணும் கூட்டம் நாங்கள். இங்கே யாரடி குடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"நான் குடிப்பேன்" என்றாள்.

நிஜமாகவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேப்டன் மயிலாப்பூர்க்காரி. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, அப்பா சமஸ்கிருதப் பேராசிரியர், அம்மா பாட்டு வகுப்பு எடுப்பவர். எம்.ஏ. இரண்டாம் வருடம் படித்தாள், என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள். எப்போதாவது, அண்ணா வீட்டுக்குப் பெங்களூர் போகும்போது ஒரு கிளாஸ் பீர் குடிப்பாளாம். ஏதோ எலுமிச்சைச் சாறு குடித்ததைப் போலச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

டீமில் இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அடையாற்றங்கரையில் குடிசைப் பகுதியிலிருந்து வருபவள். ஒல்லியாக இருப்பாள், அதிகம் பேச மாட்டாள். ஆனால் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள் என்றால் அடிப்பவளுக்கு வேலையே இல்லை, அப்படி ஒரு கை. அப்பா இல்லை, ஆட்டோ ஓட்டும் அண்ணன்தான் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். பொட்டைப் பிள்ளையைக் கால்சட்டை போட்டு ஆட விடுவதா என்று உறவெல்லாம் கூடிக் கத்தியபோது, கேப்டன்தான் கல்லூரி வாசலில் நின்று அந்த அண்ணனிடம் பேசினாள். கடைசியில் அவர், அந்தச் சட்டையில் இருக்கும் காலேஜ் பேரை நம்பி அனுப்புகிறேன், ஒரு பேச்சு வந்தாலும் ஆட்டமும் கிடையாது படிப்பும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவைத்தார். சொன்னால் செய்கிற ஆள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் கோப்பையை ஜெயித்தோம். எங்கள் கல்லூரி கோப்பையைக் கண்ணால் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. காலையிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. டீமில் பாதிப் பேர் கல்லூரிக்குத் திரும்பிவிட, அந்த ஆற்றங்கரைப் பெண்ணையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர் மட்டும் பாலவாக்கத்துக்குச் சாப்பிடப் போனோம். வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிக்கும் எங்கள் அட்டாக்கரின் அக்கா வீடு அங்கே கடற்கரையை ஒட்டி இருந்தது. அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். நல்ல மனுஷன். பிரியாணி வாங்கிவந்து வைத்துவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து பீர் பாட்டில்களையும் எடுத்து மேஜையில் அடுக்கினார். ஜெயித்து வந்திருக்கிறீர்கள், யாருக்காவது வேண்டுமா என்று சாதாரணமாகக் கேட்டார்.

நாங்கள் எல்லாரும் வேண்டாம் என்று தலையாட்டினோம். கேப்டன் மட்டும், எனக்கு ஒரு கிளாஸ் என்றாள்.

சொன்னவள் உடனே குடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கட்டம்போட்ட ஒரு சாதாரண குர்தா போட்டிருந்தாள். டி-ஷர்ட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கிளாஸை எடுத்தாள். அட்டாக்கருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு வாய், எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்கிறேன் என்று கை நீட்டினாள். மாற்றிக்கொண்டு வா, இல்லாவிட்டால் கையை எடு என்றாள் கேப்டன். அட்டாக்கரிடம் மாற்றுத் துணி இல்லை. முனகிக்கொண்டே பிரியாணிக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன கூத்து, தப்பு என்றால் எந்தச் சட்டையிலும் தப்புதானே, தப்பில்லை என்றால் எதற்கு ஓடிப்போய் மாற்ற வேண்டும், இது ஊரை ஏமாற்றுவது இல்லாமல் வேறென்ன என்று பொரிந்து தள்ளினேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இந்தக் குர்தால குடிச்சா நான் மட்டும்தான் குடிச்சேன். அந்தச் சட்டைல குடிச்சா நீயும் குடிச்ச மாதிரிதான்டி" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாமர்த்தியமாகப் பேசி மழுப்புகிறாள் என்றுதான் அப்போது தோன்றியது.

அவள் அரை கிளாஸ் முடித்திருப்பாள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண்ணின் அண்ணன் உள்ளே வந்து நின்றார்.

தங்கையைக் கூட்டிப்போகக் கல்லூரிக்குப் போயிருக்கிறார். எங்கள் பி.டி. மேடம் அவரிடம் இந்த விலாசத்தைக் கொடுத்து, எங்களையும் கையோடு அழைத்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வந்தவர், மேஜையைப் பார்த்ததும் அதை மறந்தேபோனார். பச்சைப் பாட்டில்கள், நடுவே பிரியாணி, சுற்றி நாங்கள். தங்கை தட்டும் கையுமாக எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இனி இவளுக்கு ஆட்டமும் இல்லை, காலேஜும் இல்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"இன்னாமா இது?" என்றார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அக்கா வீட்டுக்காரர் சமாளிக்கப் பார்த்தார். பாட்டிலெல்லாம் தனக்கு வைத்தது, கேப்டன் கையில் இருப்பது ஆப்பிள் ஜூஸ் என்றார். நிறமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். கடவுளே, இவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கேப்டன் கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். "ஜூஸ் இல்லண்ணா, பீர். நான் குடிச்சேன். உங்க தங்கை தொடல."

"அத்த நா எப்டி நம்புறது?"

"அவ போட்டுண்டிருக்கற சட்டையப் பாருங்கோ. அதைப் போட்டுண்டு எங்க டீம்ல யாரும் தொட மாட்டோம். என்னோடது பைக்குள்ள இருக்கு. குடிக்கணும்னு தோணித்து, அதான் கழட்டி வெச்சுட்டேன்."

அவர் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். ஐந்து கருஞ்சிவப்புச் சட்டைகள், ஒரு கட்டம்போட்ட குர்தா. மேஜைமேல் ஒரே ஒரு கண்ணாடி கிளாஸ்தான் பாதி காலியாக இருந்தது. எங்கள் முன்னால் இருந்ததெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். பிறகு தன் காக்கிச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"எங்க நைனா குடிச்சே செத்தாரு" என்றார். "நானும் எப்பனா ஒரு கட்டிங் போடுவேன். ஆனா இந்தக் காக்கிய கழட்டி ஆணில மாட்டிட்டுத்தான் போடுவேன். நம்ம ஒருத்தனால ஸ்டாண்டு பேரு கெடக் கூடாது பாரு."

நான் கூத்து என்று சொன்னதை அந்த மனுஷன் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். பாலவாக்கம் மாதிரி இடத்துக்கெல்லாம் இனிமேல் தங்கையைக் கூட்டிப்போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தங்கை கையில் இருந்த தட்டைக் காட்டி, சாப்பிட்டு முடி, நேரமாகிறது என்றார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கும்தான்.

அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். பேப்பரிலிருந்து ஆள் வருகிறாராம். கோப்பையோடு டீமைப் படம் பிடிக்கப் போகிறார்கள், மறுநாள் பேப்பரில் வரும். எல்லாரும் டி-ஷர்ட்டோடு உடனே வர வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு.

நாங்கள் குதித்த குதியில் வீடே ஆடியிருக்கும். கேப்டன் மட்டும் அசையவில்லை. ஏன் என்பது எங்களுக்கும் மெல்லத்தான் உறைத்தது. குடித்த வாயோடு அந்தச் சட்டையை அவள் போட மாட்டாள். பந்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாயே, ஒரு நாளாவது பேப்பரில் வந்து காட்டு, அப்புறம் பேசலாம் என்று அவள் அப்பா அடிக்கடி இடித்துச் சொல்வாராம். அவளுக்கு அது கடைசி வருடம். இந்தக் கோப்பைக்காக எத்தனை காலையில் இருட்டோடு எழுந்து வந்திருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆளாளுக்கு அவளைச் சுற்றிக்கொண்டோம். ஏலக்காய் மென்றுகொள், முகம் கழுவிக்கொள், வெறும் அரை கிளாஸ், யாருக்குத் தெரியப்போகிறது என்றோம். யார் அதிகம் கெஞ்சியது தெரியுமா? நான்தான். இவ்வளவு நேரம் அந்த விதியைத் திட்டித் தீர்த்தவள், இப்போது அதை ஒரு மணி நேரத்துக்கு மறந்துவிடச் சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த அண்ணன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

கேப்டன் பையைத் திறந்து டி-ஷர்ட்டை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். போட்டுக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். மறுபடியும் மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

"இப்பதான் அவர்கிட்ட அவ்ளோ சொன்னேன். நாளைக்குக் காலம்பற வரைக்கும் இது எனக்கில்லடி" என்றாள். ஜிப்பை இழுத்து மூடினாள். உடனே, கிளம்புங்கள் கிளம்புங்கள் என்று எங்களை விரட்டினாள்.

ஆறு பேரும் ஒரே ஆட்டோவில் எப்படி அடைந்துகொண்டு போனோம் என்று கேட்காதீர்கள். கல்லூரியில் மேடம் அவளைப் பார்த்ததும் சட்டை எங்கே என்று அதட்டினார். அவள் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். மேடத்தின் முகம் சிவந்தது. பிறகு திரும்பி வந்து, சரி, எல்லாரும் வரிசையாக நில்லுங்கள் என்றார்.

நாங்கள் நின்றோம். கோப்பையை யார் பிடிப்பது என்று தயங்கியபோது, எதிரே நின்ற கேப்டன் அந்த ஆற்றங்கரைப் பெண்ணைக் கைகாட்டினாள். படம் எடுப்பவருக்குப் பின்னால், எங்கள் பைகளையெல்லாம் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நின்று, சிரிங்கோடி சிரிங்கோடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை காலியாக இல்லை. எப்படிச் சிரிப்பது? ஆனாலும் அவள் சொன்னதற்காகச் சிரித்தோம்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு என்ன கேட்டார், இவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியமும் வரவில்லை. அந்தத் தங்கை படிப்பு முடியும்வரை ஆடினாள், அடுத்த வருடம் அவள்தான் கேப்டன். ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் அண்ணனே ஆட்டோவில் கொண்டுவந்து விடுவார்.

நான் பிறகு வங்கி வேலைக்குப் போய், புடவையில் வங்கியின் பெயர் வில்லையைக் குத்திக்கொண்டு இத்தனை வருடம் கவுன்டரில் உட்கார்ந்தாயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சொன்ன சந்தர்ப்பங்கள் எனக்கும் வராமல் இல்லை. அந்தப் பேப்பர் படம் மஞ்சளாகிப்போய் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதில் நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நின்றுகொண்டிருந்தவளைத்தான் இன்றைக்கும் என் கேப்டன் என்று சொல்லிக்கொள்கிறேன்.