டுமாரோ சாரின் எதிர்காலம்

“ஷ்யூர், ஷ்யூர். டே ஆஃப்டர் டுமாரோ,” என்று போனில் சொல்லிக்கொண்டே, மேல்வரிசையின் மூன்றாவது பல்லை மெழுகிலிருந்து பிடுங்கி நான்காவது முறையாக நடுகிறார் பல்செட்காரர். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, “நேத்துல இருந்து இந்த ஒத்தப் பல்லு உயிரை வாங்குதுங்க” என்கிறார்.

நேற்று தமிழில் இருக்கிறது. இன்றும் தமிழில்தான். நாளை மட்டும் அவர் வாயில் தமிழில் பிறப்பதே இல்லை. டுமாரோ, நெக்ஸ்ட் வீக், இன் எ கப்புள் ஆஃப் டேஸ். தெருவில் அவருக்கு ‘டுமாரோ சார்’ என்றே பெயர்.

காரணம் கேட்டேன். “நாளைக்குத் தரேன்னு சொன்னா அது வாக்குங்க. தவறினா நாக்கு அழுகிடும். டுமாரோன்னா ப்ளான். ப்ளான் மாறும்.” அதற்குள்ளும் தரம் பிரித்து வைத்திருக்கிறார். “‘ஐ வில் கிவ்’னா மனசுல இருக்கு. ‘கோயிங் டு கிவ்’னா கையில இருக்கு. ‘ஐ ஆம் கிவிங் டுமாரோ’ன்னா, அநேகமா குடுத்த மாதிரிதான்.”

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். காலை எட்டு மணிக்குக் குனிந்தால் மதியம்வரை நிமிர மாட்டார். ஒரு கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்துக்கு அரை நாள் போகும். வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் தாமதத்தை மறந்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் திட்டலாமென்றால் அவர்களுக்குப் பல் இல்லை. மதியச் சோறு கொண்டுவரும் மனைவிதான் மறப்பதில்லை. “சாப்பாடு மட்டும் இவருக்கு இப்பவே வேணும். ஒழுகுற குழாயை மாத்தறது நெக்ஸ்ட் மந்த்தாம்!”

போன வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பொக்கை வாயோடு வந்து நின்றார். மனைவி போய் ஆறு வருடம். மறுநாள் மதியம் ஒரு அம்மாவைப் பார்க்கப் போகிறார், ஒத்துவந்தால் கல்யாணம்.

“நெக்ஸ்ட் ஃப்ரைடேன்னுதானே சொன்னேன், அண்ணே?”

“இன்னிக்கு என்னய்யா, ஞாயித்துக்கிழமையா?”

“இது திஸ் ஃப்ரைடே. நெக்ஸ்ட்டுன்னா இதுக்கும் அடுத்தது.”

“யோவ், அந்தம்மாவுக்கு அனுப்பின போட்டோல சிரிச்சிக்கிட்டு இருக்கேன்யா! பழைய போட்டோ. முப்பத்திரண்டும் தெரியுது!”

அச்சில் வெந்து வந்த செட் மேசைமேல்தான் கிடந்தது. ராவி, மெருகேற்றுவதுதான் பாக்கி.

“டோன்ட் வொரி அண்ணே. டுமாரோ மார்னிங்...”

“உன் டுமாரோ எனக்கு வேணாம். நாளைக்குக் காலையில தரேன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லு, போயிடறேன்.”

பல்செட்காரர் வாயைத் திறந்தார். ‘நா’ வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டார். பிறகு எழுந்துபோய்க் கடைக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார். போனை அணைத்தார். டிரைவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அரத்தைக் கையில் எடுத்தார்.